இரண்டாவது புள்ளி

கொட்பேயிலிருந்து ஓட்டோவில் வந்தது,
ஈரச் சாக்கில் சுற்றி, பெரிய பாரை மாதிரி,
நாற்பது குதிரை எஞ்சினின் கியர்ப்பெட்டி.
முசம்மில் ஆணியைக் கழற்றிச் சரித்தான்.
எண்ணெய் வரவில்லை,
பால்தேத்தண்ணி வந்தது.
"கல்லில அடிக்கவே இல்ல" என்றான்.
எல்லாரும் அப்படித்தான்.
கல்தான் நீந்தி வந்து அடிக்கும்.

பெற்றோலில் கழுவினேன். தின்னரில் கழுவினேன்.
வார்ப்பு அலுமினியம் லேசில் வாய் திறக்காது.
துடைத்த துணி வெள்ளையாகவே வரும்,
சுத்தம் என்று சத்தியம் பண்ணும்.
நெருப்பைக் கிட்டக் கொண்டுபோனால்தான்
குடித்த எண்ணெயெல்லாம் கக்கும்,
பிறகு உப்பு,
மயிரிழை வெடிப்பின் ஓரமாய்
மெல்லப் பூத்து நிற்கும்.

இரும்பு நல்ல பிள்ளை,
சூடேறினால் சிவந்து சொல்லிவிடும்.
இது சொல்லாது.
முகம் மாறாது, நிறம் மாறாது,
இருந்த இருப்பில் தொப்பென்று இடிந்து விழும்.
அதனால் சன்லைட் கட்டியால் ஒரு கோடு.
கோடு தேன்நிறமானால் போதும்,
கறுத்தால் கை மீறிவிட்டது.

பெயின்றைச் சுரண்டினேன்.
அடியில் ஏற்கெனவே ஒரு ஒட்டு.
வலக்கைக்காரர் வலமிருந்து இடம் போவார்கள்.
இந்த அலைகள் இடமிருந்து வலம் போயிருந்தன.
உட்துறைமுக வீதியில்
இடக்கையால் ஒட்டுகிறவன் நான் ஒருவன்தான்.
பக்கத்தில், கடுகளவு, பஞ்சால் குத்திய ஒரு புள்ளி.
நான் செய்ததற்கெல்லாம் நான் வைப்பது.

சல்லி குணபாலசிங்கத்தின் எஞ்சின்.
நெத்தலி விழுந்த கிழமை.
இரவைக்கே வேணும் என்று வாசலில் நின்றான்.
உப்பை முழுதாய் எரிக்கவில்லை.
தெரிந்துதான் விட்டேன்.
அவன் எப்போது விற்றானோ,
இவன் எவ்வளவுக்கு வாங்கினானோ.

முசம்மில் பிளேன்ரீயோடு வெளியில் நின்று
என் பேப்பர்க் கட்டை மென்றுகொண்டிருந்த மானை
துரத்திக்கொண்டிருந்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெடிப்பின் நுனியில் ஒரு துளை போட்டேன்,
இனிமேல் பாதை இல்லை என்று அதற்குத் தெரியவேணும்.
கிரைண்டரால் வாய்க்கால் வெட்டினேன்.
முதல் ஓட்டத்தில் மிளகுத்தூளாய்க் கறுப்பு மிதந்தது,
வெட்டி எறிந்தேன்.
இரண்டாவதில் பாதி,
அதையும் எறிந்தேன்.
மூன்றாவதில்,
ஆகன் காஸின் மூச்சுக்குள்,
குளம் தெளிந்து நெத்தலி வயிறாய் மினுங்கியது.
கம்பியை ஊட்டினேன், சொட்டுச் சொட்டாய்,
அவசரமில்லாமல், இந்த முறை.
இரவு முழுக்க உமிச்சாம்பலில் புதைத்து வைத்தேன்.

காலையில் வெளியில் சோக்குப் பூசி
உள்ளே மண்ணெண்ணெய் தடவினோம்.
மண்ணெண்ணெய்க்குக் கள்ளப்பாதை எல்லாம் தெரியும்.
சீனன்குடா மா ஆலைக்கு வந்த கப்பல்
வாய்க்குள் நுழைந்து, திரும்பி, நங்கூரம் போடுமட்டும்
குந்தியிருந்து பார்த்தோம்.
சோக்கு வெள்ளையாகவே இருந்தது.

"மூவாயிரம் தா, காஸ் காசு மட்டும்" என்றேன்.
முசம்மிலின் முகம் சுருங்கியது.
"அங்கால பன்னெண்டு கேட்டான்.
என்ன குறைக்கிறீங்க, நிக்காதா?"
"நிக்கும்."
"அப்ப ஏன்?"
"சும்மா."
"சும்மா எண்டு கடலுக்குப் போகேலாது.
பத்துத் தாறன்."
"நாலு."
"ஒம்பது."
ஓட்டோக்காரன் கண்ணாடியில் எங்களைப் பார்த்து
"ரெண்டு பேருக்கும் விசர்" என்றான்.

பெட்டியைத் திருப்பிப் புள்ளியைக் காட்டினேன்.
"முந்தி ஒட்டினதும் நான்தான்.
அப்ப சரியாச் செய்யேல்ல."

நகத்தால் தடவிப் பார்த்தான்.
செட்டை நுனி வரைக்கும் தடவினான்.
கொஞ்ச நேரம் துறைமுகம் மட்டும் சத்தம் போட்டது.
பிறகு
"அப்ப மூவாயிரமும் கூட" என்றான்.

இரண்டுக்கு முடிந்தது.
பழைய புள்ளிக்குப் பக்கத்தில்
பஞ்சை வைத்து ஒரு தட்டு.

ஓட்டோ திரும்பிப் போனது.
சாக்கை மறந்துவிட்டான்.
மான் வந்து மணந்து பார்த்து
உப்பு இருந்த பக்கமாய்
நக்கத் தொடங்கியது.